அயினி மரத்தடியில் சாத்தி வைத்த கம்புகள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், மீன மாதத்தின், அதாவது பங்குனியின், கடைசி வாரத்தில், கேரள எல்லையோரம் பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மரச்சீனி ஆராய்ச்சி நிலையத்தின் முற்றத்தில் நடந்தது இது. மரச்சீனி என்றால் வேறு ஒன்றுமில்லை, மரவள்ளிக்கிழங்குதான். ஆனால் மரச்சீனி என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

என் கதைக்கு முன்னால் அந்த நிலையத்தைக் கட்டியவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லாரும் அவரைப் பெரிய முதலாளி என்பார்கள். சின்ன முதலாளி என்று யாரும் கிடையாது. இளவயதில் ஒரு ஓலைக் கொட்டகையில் மரச்சீனியை அரைத்து மாவெடுக்கத் தொடங்கியவர். அது மாவு மில் ஆனது. துணிக்குக் கஞ்சி போட எங்கள் ஊர் மாவு லாரி லாரியாகப் போனது. மில் நன்றாக ஓடத் தொடங்கியதும் ஒரு கலைக் கல்லூரி கட்டினார். பிறகு பெண்களுக்கு ஒரு பாலிடெக்னிக். தலை முழுக்க நரைத்த பிறகு இந்த ஆராய்ச்சி நிலையம். எதிலும் தன் பெயரை வைக்கவில்லை. கல்லூரியின் வாசலில் கல்லில் செதுக்கியிருப்பது அவருடைய அம்மாவின் பெயர். ஆனாலும் பஸ் கண்டக்டர்கள் இன்றுவரை "முதலாளி காலேஜ் இறங்கு" என்றுதான் கூவுகிறார்கள்.

அவரைத் தெய்வமாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. மில்லின் கழிவுத் தண்ணீர் பல வருடங்கள் எங்கள் தோட்டில் கலந்து ஓடியது. தோடு என்றால் சின்ன ஓடை. புளித்த மாவு நாற்றத்தில் அந்தப் பக்கம் குளிக்க முடியாது. ஊர்க்காரர்கள் சண்டை போட்ட பிறகுதான் தொட்டி கட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். யாராவது அவரை ஒரேயடியாகப் புகழ்ந்தாலும், ஒரேயடியாகத் திட்டினாலும் என் அம்மா ஒன்றைத்தான் சொல்வாள்.

"நாறுன தண்ணியும் அவருக்கதுதான். எனக்க மோளுக்க டிகிரியும் அவருக்கதுதான்."

அம்மா அந்த மில்லில் கிழங்குக்குத் தோல் சீவும் வேலை செய்தவள். அப்பாவுக்குக் கல் குவாரியில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். இதை எழுதும்போதே எனக்கு முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. நிமிரட்டும்.

பெரிய முதலாளி மில்லுக்குள் நடந்து வரும்போது வேலையைப் பற்றிக் கேட்க மாட்டாராம். "பிள்ளை எந்த கிளாசு?" என்றுதான் கேட்பாராம். நான் பிளஸ் டூ முடித்த கோடையில் அம்மாவிடமும் கேட்டிருக்கிறார். "முடிஞ்சாச்சு முதலாளி, நல்ல மார்க்கு உண்டு, இனி வீட்டுல இருக்கட்டுன்னு அவளுக்க அப்பா சொல்லுதாரு" என்றாள் அம்மா.

"வீட்டுலயா? பின்ன நான் காலேஜ் கெட்டிப் போட்டிருக்கது என்னத்துக்கு, மாடு கெட்டவா?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்காகச் சிபாரிசு எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதும் இல்லை, மார்க் இருந்தது. ஆனால் மார்க் இருந்தால் போய்க் கேட்கலாம் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த வாய் மாட்டைப் பற்றிப் பேசியதால் அப்பாவும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், வகுப்பில் இங்கிலீஷ் என்று மூன்று நாக்கோடு படித்தேன். மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அவருடைய ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன்.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீனக் கடைசியில் வரும் அவருடைய பிறந்தநாளன்று மேடை, பூமாலை, சொற்பொழிவு எதுவும் கூடாது. சோதனை வயலில் விளைந்த கிழங்கைப் பிடுங்கி, முற்றத்தில் அடுப்புக் கூட்டி, ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனி அண்டாவில் அவித்து, வருகிறவர்களுக்கெல்லாம் தின்னக் கொடுக்க வேண்டும். காந்தாரி மிளகாயை அரைத்த சம்மந்தியும் சாளை மீன் குழம்பும் உண்டு. எந்த அண்டாக் கிழங்கு கொள்ளாம், அதாவது நன்றாக இருக்கிறது, எது கசக்கிறது என்று தின்றவர்கள் சொல்ல வேண்டும். அவர் உயிரோடு இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம். "தின்னு பாக்காம என்னத்த ஆராய்ச்சி?" என்பாராம். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. காரக்கோணம், வெள்ளறடை, திருப்புறம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள்.

நான் சொல்ல வந்த அந்த வருடப் பிறந்தநாளில், சிவப்புக் கொடி கட்டிய அண்டாவில் வெந்தது என் கிழங்கு.

எங்கள் பக்கத்து மரச்சீனிக்குப் பெரிய எதிரி தேமல் நோய். இலை சுருண்டு மஞ்சள் படரும், கிழங்கு விரல் தடிமனில் நின்றுவிடும். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு அதைக் கொண்டுபோகும். நான் விதை போட்டு வளர்த்த கன்றுகளில் பெரும்பாலானவை அந்த நோயில் விழுந்தன. ஒரே ஒரு வகை மட்டும் ஒவ்வொரு பருவத்திலும் பச்சையாகவே நின்றது. வருடக்கணக்காக அதைப் பெருக்கி, கடைசியில் ஒரு பாத்தி முழுக்க அந்த வகை மட்டும் நட்டிருந்தேன். அடுத்து அதைப் பல இடங்களில் நட்டுப் பார்க்க வேண்டும், ஆய்வேட்டின் கடைசிப் பகுதி அதுதான்.

காயில் வரும் விதை புது வகை தேடுகிற எங்களுக்குத்தான்; நட்டு விளைவிக்க மரச்சீனிக்குக் கம்புதான், அதாவது வெட்டிய தண்டுதான், விதை. கிழங்கைப் பிடுங்கிவிட்டால் மண்ணில் எதுவும் மிச்சம் இருக்காது. அடுத்த பயிர் முழுவதும் வெட்டி வைத்த கம்பில்தான் இருக்கிறது. என் கம்புகளையெல்லாம் கட்டி, முற்றத்தின் ஓரத்தில் நிற்கும் அயினி மரத்தடியில், நிழலில் காயாமல், நிற்க வைத்துச் சாத்தியிருந்தோம். மழை பெய்ததும் நட வேண்டும்.

பிறந்தநாளுக்கு அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். மில்லில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ முறை அந்த மதிலைத் தாண்டிப் போயிருக்கிறாள், உள்ளே வந்ததில்லை. கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்தவுடன் என் வெள்ளைக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "இத இங்க துவைச்சுத் தருவாங்களா, இல்ல நீயேதானா?" என்று கேட்டாள்.

என் அண்டாவைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தபோது, தின்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நோய் தாங்கும் ரகங்கள் பலவும் கசப்பாகவோ நார் நாராகவோ போவதுண்டு. நல்லவேளை, என் கிழங்கு மாவு போல உடைந்து வாயில் கரைந்தது. "இது எந்த ஊரு மரச்சீனி? நாக்குல வச்சதும் அலிஞ்சு போவுதே" என்றார் வெள்ளறடையிலிருந்து வந்த ரப்பர் வெட்டும் மாமா ஒருவர். பக்கத்தில் நின்ற அக்கா, "உங்களுக்குப் பல்லு இல்லாததுனால எல்லாம் அலியத்தான் செய்யும்" என்றாள். முற்றமே சிரித்தது. அம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இது எனக்க மோளு உண்டாக்குன மரச்சீனியாக்கும்!"

அந்தச் சத்தத்தில் நான் வெட்கப்பட்டு, விருந்தாளிகள் சிலரை ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துக்கொண்டு போய்விட்டேன். அவர்களுக்கு ஒவ்வொரு கருவியாகக் காட்டி முடித்து வெளியே வந்தபோது, அண்டாக்கள் காலியாகி, கூட்டமும் கலைந்திருந்தது. அயினி மரத்தடியும் காலியாக இருந்தது. கட்டியிருந்த கயிறுகள் மட்டும் சுருண்டு கிடந்தன. அம்மா மரத்தடியில் நின்று, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியையும் அனுப்பி வைத்தவளைப் போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் குடுத்தாச்சு மக்களே. ஒருத்தரையும் வெறுங்கையோட விடல்ல." மக்களே என்றது என்னைத்தான்; பெற்ற பிள்ளையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் முறையைத் தெரிந்திருக்க வேண்டும். மரச்சீனி பிடுங்கும் இடத்தில் ஒருவர் தின்றுவிட்டு, நல்ல கிழங்கு, ஒரு கம்பு தருவீர்களா என்று கேட்டால், இல்லை என்று சொல்லக் கூடாது. கம்பை விலைக்கும் விற்கக் கூடாது. கொடுக்காத வீட்டில் அடுத்த முறை கிழங்கு வைக்காது என்பார்கள். அன்று முதலாவதாக ஒரு ஆள் வந்து அம்மாவிடம் கம்பு கேட்டிருக்கிறார். மகள் உண்டாக்கிய மரச்சீனி, மகளின் முற்றம், கேட்பவரோ வயிறு நிறையத் தின்றவர். அம்மா வேறு என்ன செய்வாள்? ஒருவருக்குக் கொடுத்ததைப் பார்த்து எல்லாரும் வந்தார்கள். காவலாளியும், அம்மா நிலையத்தின் தலைவியிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறாள் என்று நினைத்து, கயிற்றை அவிழ்த்துத் தந்திருக்கிறார். போகும்போது அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

நான் கீழே கிடந்த கயிறுகளைப் பொறுக்கினேன். வெளியிடாத ரகத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. அது கிடக்கட்டும். வேறு எங்கும் அந்தக் கம்பு இல்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த மாதம்தான் பூஞ்சை பிடித்து அழிந்திருந்தது. வருடக்கணக்கான என் வேலை முழுவதும், தெரிந்தவர் தெரியாதவர் கைகளில், பஸ் ஏறிப் போய்விட்டது.

நிலையத்தின் தலைவி, என் ஆய்வுக்கு வழிகாட்டி, நெய்யாற்றின்கரைக்காரர். மேடம் என்று மட்டும் சொல்கிறேன். அவர் அயினி மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் சேலையைப் பார்த்ததாலோ என்னவோ, திரும்பி உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் அந்தக் கயிறுகளை மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே வந்தேன். அம்மா முதலில் கேழ்வரகு, கருவாடு என்று என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் நிறுத்தினாள்.

"அது வித்துக் கம்பா பிள்ளே?"

"ஆமா."

"வேற இல்லியா?"

"இல்ல."

அவள் அழவில்லை. முகம் மட்டும் மில்லில் கத்தி கையில் பட்ட நாளில் இருந்தது போல ஆனது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மழை பிடித்தது. வருடத்தின் முதல் கோடை மழை. அதில் நனைந்துகொண்டே நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். இந்த மழைக்கு யாரும் கம்பைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அம்மா கிளம்பி நின்றாள். "வா. யாரு யாரு வந்தாவன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். குடுத்த கையாலத்தானே கேக்கணும், நானே கேக்கேன்."

அன்றிலிருந்து நாங்கள் அலைந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. காரக்கோணம் போகும் வழியில் ஒரு அக்கா எங்களைப் பார்த்ததும் விருந்தாளி என்று நினைத்துக் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டாள். அவள் முந்தின நாளே மழையோடு மழையாகக் கிணற்றைச் சுற்றிக் கம்பைத் துண்டுகளாக வெட்டி நட்டிருந்தாள். விஷயம் கேட்டதும் வாயில் கை வைத்தாள். பிறகு ஓடிப்போய், ஏதாவது துண்டு பட்டுப்போனால் அந்த இடத்தில் நடுவதற்காக எடுத்து வைத்திருந்த சில துண்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "சேச்சி, அடுப்புல வைக்காததே பாக்கியம்" என்றாள் அம்மாவிடம்.

திருப்புறத்தில் ஒரு வீட்டில் ஆடு முந்திக்கொண்டது. வாசலில் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் தோல் உரிந்த கம்பு ஒன்று கிடந்தது. அந்த வீட்டு அம்மாச்சி ஆட்டைப் பார்த்து, "பாவி, படிச்ச பிள்ளைக்க படிப்பத் தின்னுட்டியே" என்று திட்ட, ஆடு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அந்த வாரத்தில் நாங்கள் ஒன்றாகச் சிரித்தது அந்த ஆட்டைப் பார்த்துத்தான்.

வெள்ளறடை மாமாவின் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகிவிட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவில், மலை ஏறும் பாதையில் வீடு. நிறையக் கம்பு வாங்கிப் போனவர் அவர்தான். வீட்டின் பின்புறச் சரிவு முழுக்க மண்ணைக் கூட்டி வரிசை வரிசையாக நட்டிருந்தார்.

அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"அக்கா, குடுத்த கம்பத் திருப்பிக் கேக்கப்பிடாது. அது முறையில்ல கேட்டியா. கேட்டா ரெண்டு வீட்டுலயும் பிடிக்காது."

"எனக்கும் தெரியும் அண்ணா. நான் குடுக்கப்பிடாதத குடுத்துட்டேன். இது இவளுக்க படிப்பு."

அவர் என்னைப் பார்த்தார். "அம்புட்டும் போச்சா மக்கா?"

நான் தலையாட்டினேன். அவருடைய மனைவி கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாமா சரிவில் இறங்கி, முதல் வரிசையில் குந்தி, முதல் கம்பைப் பிடித்து மெதுவாக ஆட்டி இழுத்தார். வெளியே வந்தது. அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. கணுவில் சிவந்த குருத்து. இந்த வேரெல்லாம் அறுந்து, பஸ்ஸில் வாடி, மறுபடி என் பாத்திக்குப் போனால் எத்தனை பிழைக்கும் என்று கணக்குப் போட என் படிப்பே போதுமாக இருந்தது. அவர் இரண்டாவது கம்பின் மேல் கை வைத்தார்.

"வேண்டாம் மாமா" என்றேன். "அத அங்கேயே வைங்க."

"பெறவு உனக்கு?"

அவர் பிடுங்கிய கம்பை அதே குழியில் வைத்து மண்ணை அணைத்தேன். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும்போது பிடித்தது போல, மணிக்கட்டில்.

கிடைத்த சில துண்டுகளோடு மேடத்தின் முன்னால் போய் நின்றேன். அந்த வகை அழிந்து போகாமல் காப்பாற்ற அது போதும். பல இடங்களில் நட்டுச் சோதிக்க, அந்த வருடத்துக்குப் போதவே போதாது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வெள்ளறடைச் சரிவைச் சொன்னேன், கிணற்றங்கரையைச் சொன்னேன், ஆட்டையும் சொன்னேன். மேடம் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவும் செய்தார். கம்பை வெளியில் வைத்தது யார், கயிறு கட்டினால் போதுமா, ஒரு அறையில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டாமா என்று நன்றாகவே திட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வேறு யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்.

"நிலையம் தொடங்கின நாள் முதல் பெரிய முதலாளிக்கும் எங்களுக்கும் இதில்தான் வழக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும், கம்பை வயலுக்குள்ளயே பூட்டி வைக்காதீங்க, ஆட்கள்ட்ட குடுங்க, அவங்க மண்ணுல என்ன ஆகுதுன்னு பாருங்கன்னு சொல்லுவார். சோதனை முடியாம குடுக்க முடியாது, நோய் பரவினா யார் பொறுப்புன்னு நாங்க சொல்லுவோம். கடைசி வரைக்கும் நாங்கதான் ஜெயிச்சோம்." என் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார். "அவர் செத்த பிறகு உன் அம்மா வந்து அவரை ஜெயிக்க வச்சிட்டாங்க."

அவர் முகத்தில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எது அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை.

"உனக்குப் பல இடத்துல நட்டுப் பாக்கணும், இல்லையா? நட்டாச்சு. போய்ப் பாரு."

அந்த வருடம் முழுவதும் எனக்கு ஆய்வுக்கூடம் என்பது பஸ்ஸும் ஆட்டோவும் மற்றவர்கள் வீட்டுக் கொல்லையும்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இலையைப் பார்த்து, உயரம் அளந்து, நோய் வந்த செடி எது என்று குறித்தேன். தேமல் கண்ட செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், அதன் கம்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் வருவாள். நான் இலையைப் பார்க்கும்போது அவள் வீட்டுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு வாசல் திறந்ததில் பாதி அம்மாவின் பேச்சுக்குத்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். திருப்புறத்தில் தண்ணீர் தேங்கிய கொல்லைகளில் என் செடி அழுகிப்போனது. அங்கே அது பிடிக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. காரக்கோணத்துக் கிணற்றங்கரையில் சில மூடுகளுக்கு, அதாவது செடிகளுக்கு, தேமல் வந்தது. ஆனால் வெள்ளறடைச் சரிவில், பக்கத்து வீட்டு மரச்சீனி முழுக்க மஞ்சளாகச் சுருண்டு நின்றபோது, வேலிக்கு இந்தப்புறம் என்னுடையது கரும்பச்சையாக நின்றதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஆய்வுக் குழுவில் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி உரம் இல்லை, ஒரே இடைவெளி இல்லை, இதை எப்படிச் சோதனை என்று எடுத்துக்கொள்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முறைப்படி வரிசை பிடித்து மறுபடி நட்டுக் காட்டுகிறேன் என்றேன். அதற்குக் கம்பு வேண்டும். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அடுத்த பிறந்தநாள் வந்தது. முற்றத்தில் அடுப்பு மூட்டியிருந்தோம். நான் எதிர்பார்த்தது, வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கிழங்கு கொண்டுவருவார்கள், எடை போடலாம் என்பதுதான். முதலில் வந்தது காரக்கோணத்து அக்கா. இடுப்பில் கிழங்குக் கூடை, தலையில் கம்புக் கட்டு. நோய் இல்லாத மூட்டிலிருந்து மட்டும் வெட்டியதாகச் சத்தியம் செய்தாள். பிறகு ஆட்டோக்களிலும் சைக்கிள்களிலும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கொடுத்த கம்பைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஆனால் விளைந்த பிறகு, கொடுத்த வீட்டுக்குத் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்த முறையின் மறுபாதியை நான் மறந்தே போயிருந்தேன். அம்மாவும் ஒரு வருடமாக அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேட்டு வாங்கியதாக ஆகிவிடக் கூடாதாம்.

வெள்ளறடை மாமா கடைசியாக வந்தார். தோளில் இருந்த கட்டு அவரைவிட நீளமாக இருந்தது.

"கண்டக்டரு பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னான் மக்கா. கம்புக்கும் டிக்கெட் எடுக்கணுமாம். நான் சொன்னேன், எலே, இது படிச்ச கம்பாக்கும், இதுக்குப் பாஸ் உண்டுன்னு."

"பெறவு?"

"பெறவென்ன, அவனுக்கும் ஒரு கம்பு குடுத்தேன்."

அயினி மரத்தடியில், முன்பு நாங்கள் சாத்தி வைத்திருந்ததைவிட உயரமாகக் கம்புகள் எழும்பின. அம்மா அதே கல்யாணச் சேலையில் நின்று ஒவ்வொரு கட்டாக வாங்கிச் சாத்தினாள். யாரையும் கிட்ட விடவில்லை. "தள்ளி நில்லுங்க, இது வித்து" என்று அவள் அதட்டிய அதட்டலில் காவலாளியே நாலடி தள்ளி நின்றார்.

தின்று முடித்த பிறகு, அந்த வருடம் புதிதாக வந்திருந்த பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "நல்ல கெழங்கு. ஒரு கம்பு தருவியளா?"

அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். என் அம்மா என்னிடம் அனுமதி கேட்டு நின்றதை நான் பார்த்தது அப்போதுதான். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சிவப்புக் கொடி அண்டாவின் பக்கம் திரும்பி, தீ சரியாக எரிகிறதா என்று ரொம்ப அக்கறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

நோயில்லாத கட்டாகப் பார்த்து ஒன்றை உருவி நானே அம்மாவின் கையில் கொடுத்தேன். "எங்க நடப்போறான்னு கேட்டுட்டுக் குடு அம்மா. போய்ப் பாக்கணும்."

இப்போது எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அந்த நிலையத்திலேயே வேலையும் பார்க்கிறேன். அந்த ரகத்துக்கு நாங்கள் வைத்திருப்பது ஒரு எண் மட்டும். முறைப்படி பெயர் வைத்து வெளியிட இன்னும் சில படிகள் இருக்கின்றன. சென்ற மாதம் வெள்ளறடை பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் மரச்சீனி நடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "வேற எதுவும் வாங்கிப் போடாத, தேமல் வரும். மோளுக்க கம்பு கிட்டுமான்னு பாரு" என்றார் ஒருவர். "அது யாருக்க மோளு?" என்று மற்றவர் கேட்டார். "யாருக்கு தெரியும்? அப்படித்தான் சொல்லுதாவ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவர்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. பெரிய முதலாளி தன் அம்மாவின் பெயரைக் கல்லூரி வாசலில் கல்லில் செதுக்கி வைத்தார்; படிக்காத என் அம்மா, பெயர்கூடச் சொல்லாமல், தன் மகளை ஊரார் கொல்லையிலெல்லாம் கம்பாக நட்டு வைத்துவிட்டாள். இந்த இரண்டு பேரும் எனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதவர்கள். விளைந்த பிறகு நானாகத்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.